சிகிச்சை இலவசம், வழிச்செலவு?

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்றதும் நகரத்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?' நியாயமான கேள்விதான். காய்ச்சல் பிள்ளையைப் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சுற்றுவது கொடுமை. ஆனால் நான் வேலை செய்யும் காட்டூர் காலனியில் இதை யாரும் கேட்டதில்லை. அங்கே கேட்பது, 'ஆட்டோ உள்ளே வருமா அக்கா?'

ஊர்த்தெரு வரை வருகிற ஆட்டோவுக்குக் காலனி என்றதும் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது. 1901-ல் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவன் அம்பேத்கர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிப் போனார்கள். இன்றைக்குச் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. பெட்ரோலைச் சொல்கிறார்கள்.

காலனியில் ஒரு தாய். நான்கு வயது மகனுக்கு இதயத்தில் ஓட்டை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். பாடு முறையில் இவர்களுக்குப் பங்கு கிடையாது. மீஞ்சூர் வரை ஆட்டோ, அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், பிறகு எழும்பூர். போய்வர ஒரு முழு நாள், ஒரு நாள் பிழைப்பு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பெரிய உதவிதான். அந்தப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகத்தான் காசு வேண்டும். 108 அவசரத்துக்கு வரும். மாதாந்தரப் பரிசோதனைக்கு வராது, திரும்பக் கொண்டுவந்தும் விடாது.

இரண்டு தேதிகள் தவறின. 'தாயின் அறியாமை' என்றார் ஒருவர். சமூகவியல் வகுப்பில் நாங்களும் இந்தச் சொல்லைக் கூசாமல் எழுதியிருக்கிறோம். அந்தத் தாய்க்கு மருந்தின் பெயர், வேளை, அடுத்த தேதி எல்லாம் மனப்பாடம். கையில் இல்லாதது முந்நூறு ரூபாய்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், எங்களை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. வாசல் வரை வர முடியாமல் போவதை எந்தப் பிரிவில் எழுதுவது? 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருத்துவமனைக்குப் போகவும் வீடு திரும்பவும் வண்டி இலவசம். வழிச்செலவும் மருத்துவச் செலவுதான் என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. பிள்ளைக்கு நான்கு வயதானதும் அது எப்படி இல்லாமல் போகும்?

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும், துணைக்குப் போகிறவருக்கும், மறுபரிசோதனை உட்பட, போக்குவரத்துச் செலவை அரசு தர வேண்டும். பேருந்து காலனிக்குள் வந்து திரும்ப வேண்டும். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். வருகிற தோழர்கள் உங்கள் பகுதியில் தேதி தவறிய பிள்ளைகளின் கணக்கை எடுத்து வாருங்கள்: எத்தனை வண்டி மாறினார்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போனது. பெயர் வேண்டாம், கணக்கு போதும்.