காவு கேட்பது கட்டிடமா?

சென்னைக்கு அடுத்தாற்போல் உள்ள ஓர் ஊரில் பல மாடி வீடு ஒன்று கட்டிக்கொண்டிருக்கின்றார்கள். அதில் ஐந்தாவது தளத்துக்குக் காங்கிரீட்டு போட்ட அன்று, பம்பிலிருந்து வரும் ரப்பர்க் குழாயின் நுனியைப் பிடித்திருந்த ஒரு வாலிபன் அந்தக் குழாயாலேயே நெஞ்சிலும் தலையிலும் அடிபட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவன். வயது இருபத்திரண்டோ என்னவோ என்றார்கள். சரியாகச் சொல்ல அங்கு ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு காரியமாய் அந்தப் பக்கம் போயிருந்த நாம், மூன்றாம் நாள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். வாசலில் ஒரு பெரிய பூசணிக்காய் உடைந்து குங்குமத்தோடு கிடந்தது. பம்பு வண்டியின் முகத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. மேஸ்திரியை “என்ன நடந்தது?” என்று கேட்டோம். “கட்டிடம் காவு கேட்டுதுங்க, வாங்கிக்கிச்சு. இனிமே ஒண்ணும் ஆவாது” என்றார்.

மேலே போய்ப் பார்த்தால், அதே பம்பு, அதே குழாய். வேறொரு வாலிபன் அதே இடத்தில் நின்று, குழாயை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காங்கிரீட்டு வருவதற்காகக் காத்திருந்தான். “இனிமே ஒண்ணும் ஆவாது” என்கின்ற வார்த்தையின் யோக்கியதை இதுதான். செத்தவனை ஏன் செத்தான் என்று பாராமல் இருப்பதற்கும், இருக்கின்றவனை அதே சாவுக்கு முன்னால் நிறுத்தி வைப்பதற்கும் இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கின்றது.

கட்டிடம் காவு கேட்கின்றதென்றால், அது ஒரு நாளாவது வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டதுண்டா? காண்டிராக்டரைக் கேட்டதுண்டா? பூமி பூஜை செய்து தட்சணை வாங்கிக்கொண்டு போன புரோகிதரைக் கேட்டதுண்டா? எப்பொழுது பார்த்தாலும் கூலிக்காரனையும் சித்தாளையுமே கேட்பானேன்? நுனிக்குழாயைப் பிடிக்கின்றவன் யார் என்று பார்த்தால் விளங்கிவிடும். அங்கே இருப்பவர்களில் யார் புதியவனோ, யார் குறைந்த கூலிக்காரனோ, யாருக்குப் பாஷை தெரியாதோ, அவன்தான் அதைப் பிடிக்கின்றான். ஆகவே கட்டிடத்துக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. ஆளைப் பொறுக்கி நிறுத்தியவர்களுக்குத்தான் இரண்டும் இருக்கின்றன.

சரி, அந்தக் குழாய் எதனால் துள்ளிற்று? நாம் இஞ்சினீயரிங் படித்தவர்களல்லோம். பம்பு ஓட்டும் ஒரு தோழரிடம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகின்றோம். கிராமத்துத் தோழர்களுக்கு இது நம்மைவிடச் சுலபமாய் விளங்கும். கிணற்றில் தண்ணீர் கீழே போய், பம்பு செட்டு காற்றை இழுத்துவிட்டால், வாய்க்கால் தலைப்பில் கிடக்கின்ற குழாய் என்ன செய்கின்றது? இருமுகின்றது, செருமுகின்றது, எகிறிக் குதிக்கின்றது. அதைக் கண்டு எந்தக் குடியானவனும் கிணறு காவு கேட்கின்றதென்று சொல்லுவதில்லை, காற்று வாங்கிவிட்டது என்றுதான் சொல்லுகின்றான். காங்கிரீட்டுப் பம்பிலும் அதே சங்கதிதான், ஆனால் தண்ணீருக்குப் பதில் ஜல்லியும் மணலும் சிமெண்டும்.

பம்பு வண்டியின் பின்னால் ஒரு தொட்டி இருக்கின்றது. லாரி அதில் காங்கிரீட்டைக் கொட்டுகின்றது. இரண்டு பிஸ்டன்கள் மாறி மாறி அதை இழுத்துக் குழாய்க்குள் தள்ளுகின்றன. ஒரு லாரி காலியாகி அடுத்த லாரி வருவதற்குள் தொட்டியில் மட்டம் இறங்கிவிட்டால், பிஸ்டன் காங்கிரீட்டோடு காற்றையும் இழுத்துக்கொள்ளும். காங்கிரீட்டு அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கிய காற்று குழாய்க்குள் வில்லைப்போல் மடங்கிக் காத்திருந்து, நுனிக்கு வந்ததும் ஒரே நொடியில் விரிந்து, முன்னால் இருக்கின்ற காங்கிரீட்டைத் துப்பாக்கிக் குண்டைப்போல் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கின்றது. குழாயில் ஜல்லி அடைத்து, மேலே மேலே அழுத்தி, அடைப்பு திடீரென்று விட்டுக்கொண்டாலும் இதே கதைதான்.

பலம் எவ்வளவு என்று வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக உபயோகிக்கும் குழாயின் உள்விட்டம் 125 மில்லிமீட்டர். அதன் வாயின் பரப்பு சுமார் 123 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும் (பம்புகள் இதைப்போல் பல மடங்கு அழுத்தும் சக்தியுள்ளவை) அடைப்பின்மேல் விழும் தள்ளு 1,200 கிலோவுக்கு மேல். அந்தக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்தில் நிற்கும் காங்கிரீட்டின் எடை மாத்திரம் சுமார் 30 கிலோ. மூன்று மீட்டர் குழாய் 90 கிலோவும் ரப்பரின் எடையும் சேர்ந்து சாட்டை மாதிரி வீசினால், அதை மார்போடு அணைத்துப் பிடிக்கின்ற மனிதனைக் காப்பாற்ற எந்த எலுமிச்சம்பழத்தால் ஆகும்?

இதற்குப் பரிகாரம் என்னவென்றால், கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு அற்பமானது. தொட்டியில் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று வாங்கிவிட்டால் உடனே நிறுத்தி, பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும். மறுபடி ஆரம்பிக்கும்போது மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். குழாய் எவ்வளவு தூரம் வீச முடியுமோ அதற்கு வெளியே எல்லோரும் விலகி நிற்க வேண்டும். காங்கிரீட்டு ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். அவ்வளவுதான். விலகி நிற்பதற்குக் காசு இல்லை. ஒரு பீடி பிடிக்கின்ற நேரம்கூட ஆகாது.

நாம் பார்த்த இடத்திலோ, எட்டாத மூலைக்கு எட்ட வேண்டுமென்று நுனிக்குழாயோடு இன்னொரு குழாயை இரும்புக் கிளாம்பு போட்டு ஒட்டியிருந்தார்கள். நுனிக்குழாயை இப்படி நீட்டக்கூடாது, அதில் இரும்புத் துண்டு தொங்கக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் பாடம். துள்ளுகின்ற குழாயில் இரும்பு இருந்தால் அது சம்மட்டியாகிவிடும். இதுவும் போதாதென்று ஒரு கிளாம்புக்குப் பின் இல்லாமல் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தது. பூசணிக்காய் வாங்கக் காசு இருந்தது, பின் வாங்கக் காசு இல்லை. வேலை முடிந்த பிறகு குழாயைக் கழுவக் காற்றழுத்தத்தால் பஞ்சுப் பந்தைத் தள்ளுகின்றார்களே, அப்போது நுனிக்குழாயைக் கழற்றிவிட்டுப் பந்து பிடிக்கும் கூடையை மாட்டுகின்றீர்களா என்று கேட்டதற்கு, “கூடையா, அது எதுக்குங்க?” என்று பதில் வந்தது.

இவையெல்லாம் யாருக்கும் தெரியாத பரம இரகசியமா என்றால் இல்லை. அமெரிக்க சர்க்காரின் தொழில் பாதுகாப்பு விதிகளில், காங்கிரீட்டுக் குழாயைத் தாங்கும் முட்டுகள் 100 சதவிகிதம் கூடுதல் பாரத்துக்கும் தாங்கும்படி இருக்க வேண்டுமென்று எழுதியிருக்கின்றது. பிரிட்டனில் 2007ல் இந்தப் பம்புகளை ஆபத்தில்லாமல் உபயோகிப்பதற்கென்றே பி.எஸ். 8476 என்று தனியாக ஒரு நடைமுறை நூல் வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டில் 1996ல் கட்டிடத் தொழிலாளர் சட்டம் செய்து, அதன்கீழ் 1998ல் செய்த மத்திய விதிகளிலேயே, காங்கிரீட்டுக் குழாயை முடிவிலும் ஒவ்வொரு வளைவிலும் உறுதியாகப் பிணைக்க வேண்டும், மேல்பக்கம் காற்று வெளியேறும் வால்வு வேண்டும் என்று எழுதப்பட்டது. காற்றுதான் ஆளைக் கொல்லுகின்றது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிய வேண்டியவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

“நாங்கள் இருபது வருஷமாய் இப்படித்தான் பிடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்று சில பழைய தொழிலாளத் தோழர்களே நம்மிடம் சொன்னார்கள். முதலாளியைச் சொல்லுகின்ற நாம் இவர்களையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. விலகி நின்றால் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கின்றவர்கள் இவர்களே. ஆகாதவர்கள்தானே இருபது வருஷம் கழித்துப் பேச இருக்கின்றார்கள்? ஆனவன் வந்து சாட்சி சொல்லுவானா?

நிற்க, பாஷை விஷயம் ஒன்று இருக்கின்றது. பம்பு ஓட்டுபவர் தமிழர், குழாய் பிடிப்பவர் ஜார்க்கண்டுக்காரர், நடுவில் இரண்டு மாடி உயரம், இயந்திரத்தின் கூச்சல். “தள்ளிப் போ” என்று கத்தினால் அவன் குழாயைத் தள்ளச் சொல்லுவதாக எண்ணிக்கொள்ளுகின்றான். ஹிந்தியைக் கட்டாயமாய்த் திணித்ததை 1938 முதல் எதிர்த்தவர்கள் நம்மவர்கள்தான், இன்றும் எதிர்க்கின்றவர்கள்தான். ஆனால் ஒரு மனிதன் உயிர் தப்புவதற்காக “ஹட்டோ” என்று ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுவதால் தமிழுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. அதைவிடச் சிலாக்கியம், நிறுத்து, பின்னோக்கு, விலகு என்பவைகளுக்குக் கைச்சாடை வைத்துக்கொண்டு, வேலை துவங்குமுன் எல்லோருக்கும் காட்டிவிடுவது. சாடைக்குப் பாஷை இல்லை.

இனி, செத்தவனுடைய குடும்பத்தின் சங்கதி. 1923ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தில் ஆள் இறந்தால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று ஏற்பட்டது. காவு என்றும் விதி என்றும் சொல்லித் தப்பித்துக்கொள்ள அதில் இடம் வைக்கவில்லை. நாம் கேள்விப்பட்ட வரையில், இந்த வாலிபனுடைய தகப்பனாரிடம் ஒரு கவரில் கொஞ்சம் பணமும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து, ஒரு காகிதத்தில் ரேகை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கின்றார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்ததென்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. எழுதியிருந்தது இங்கிலீஷில். குழாய் துள்ளினதைப் பற்றி அதில் பேச்சே இல்லையாம். பையன் தவறி விழுந்தான் என்று இருந்ததாம்.