உபாத்தியாயருக்கு யார் உபாத்தியாயர்?

நமது சாரத்திலிருந்து காலையில் புத்தகமூட்டையுடன் புறப்பட்டுப் புதுவை நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பிள்ளைகளில் எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். ஆகையால் அப்பள்ளிகளின் உபாத்தியாயர்களைப் பற்றி எழுதுவது பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகாது. அவர்கள் கையில் என்ன நூல் இருக்கிறது, நெஞ்சில் என்ன உற்சாகம் இருக்கிறது என்று விசாரிக்கும் பாத்தியதை ஊராருக்கு உண்டு.

போதனைக்குத் துணையென்று இக்காலத்தில் கம்ப்யூட்டர் வழியே வந்து குவிபவற்றில் மிகுதியானவை, கடல்கடந்த நாட்டுப் பள்ளிகளுக்காக இங்கிலீஷில் செய்யப்பட்டவை. அவற்றில் நல்லவையும் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பனிப்பொழிவை உவமை காட்டும் பாடம், ஐப்பசி மழையில் நனைந்து வரும் குழந்தைக்கு எவ்வாறு பொருந்தும்? வீட்டில் விதைநெல் இருக்கும்போது கடன்நெல்லுக்கு அலைவானேன்?

விதைநெல் என்று நாம் சொல்வது வெறும் அலங்காரமன்று. 1747-ல் காலமான வீரமாமுனிவர், வேதம் போதிக்கும் உபதேசிகளுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற வசன நூலைச் செய்தார். போதிக்கிறவன் முதலில் தான் எப்படி நடக்கவேண்டும் என்பதே அதன் விஷயம். இத்தாலியிலிருந்து வந்தவர், தம் உபதேசிகளுக்குத் தமிழில் எழுதினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் தமிழருக்கு நாம் இங்கிலீஷில் உபதேசம் செய்கிறோம்! அம்முனிவரே பரமார்த்த குருவையும் படைத்தார். மட்டி, மடையன் முதலிய ஐந்து சீடரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர்களுக்கு வாய்த்த குரு எத்தகையவர் என்பதையும் உபாத்தியாயர்கள் சற்றே கவனிக்கலாம்.

புதுவைக்கே வருவோம். 1844-ல் பொன்னான் மேற்றிராணியார் இங்கே குருமாரைக் கூட்டி நடத்திய சங்கத்தில் கல்வி முக்கிய விஷயமாயிற்று. பெத்தி செமினேர் பள்ளி அவ்வாண்டில் தோன்றியது. பெண் எழுத்துக் கற்பது பரிகாசத்துக்கு இடமாயிருந்த அக்காலத்தில், பெண்களுக்குப் போதிப்பதற்கென்றே துய்ப்புய் சுவாமியார் அவ்வாண்டிலேயே ஒரு கன்னியர் சபையை ஸ்தாபித்தார். அவர் ஸ்தாபித்ததோடு நிற்கவில்லை. மிஷன் அச்சுக்கூடத்தையும் நடத்தினார். மூஸே சுவாமியாரோடு சேர்ந்து 1855-லும் 1862-லும் தமிழ்-பிரெஞ்சு அகராதியை இரு பாகமாக வெளிப்படுத்தினார். பள்ளி வைத்தவர் புஸ்தகமும் கொடுத்தார். இதுவன்றோ நிர்வாகம்!

இன்றைய நிர்வாகிகள் அரசியல் சட்டத்தின் 30-வது ஷரத்தைக் காட்டுகிறார்கள். அது அவர்கள் உரிமை. சிறுபான்மையோரின் அவ்வுரிமையை நாம் மனமார ஆதரிக்கிறோம். 2009-ம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டாது என்று 2014-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு சரிதானா என்று பெரிய பெஞ்சு ஆராயவேண்டுமென 2025 செப்டம்பர் 1-ல் இரண்டு நீதிபதிகள் தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். உபாத்தியாயர் தகுதிப் பரீக்ஷை இப்பள்ளிகளுக்கும் உண்டா என்பது அதில் அடங்கியிருக்கிறது. வக்கீல்கள் வாதாடட்டும். ஆனால் நிர்வகிக்கும் உரிமை சீர்கெட நிர்வகிக்கும் உரிமையாகாது என்று 1958-லேயே கேரளக் கல்வி மசோதா விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பரீக்ஷை வேண்டாமென்று வழக்காடுகிறவர், தம் உபாத்தியாயரைத் தாமே தேர்ச்சியுறச் செய்யக் கடமைப்பட்டவராகிறார். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்குவதோடு அக்கடமை தீராது.

பெருஞ்செலவு ஒன்றும் நாம் கேட்கவில்லை. ‘வேதியர் ஒழுக்கம்’ ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிரதியாவது இருக்கட்டும். பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ எழுதிய கத்தோலிக்கர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நூல்கள் அதனருகே இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் உபாத்தியாயர்கள் கணக்குப் புஸ்தகமும் விடைத்தாளும் இன்றி ஒன்றுகூடி, எந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்கு ஏன் ஏறவில்லை என்று தமிழில் பேசிக்கொள்ளட்டும். கிறிஸ்தவரல்லாத உபாத்தியாயர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த ஒரு மணியைக் கால அட்டவணையில் எழுதும் அதிகாரம் தலைமையாசிரியரிடமே இருக்கிறது. எந்தக் கோர்ட்டின் உத்தரவும் அதற்குத் தேவையில்லை.