கொலைகாரனுக்கு லுங்கி, பேய்க்கு வெள்ளைச் சேலை!

தாராபுரத்தில் கல்லூரியில் படிக்கும் வாலிபர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கைப்பணம் போட்டு, அரை மணி நேரம் ஓடக்கூடிய ஒரு மர்மப் படம் எடுக்கப் போகிறார்கள். அதற்கு வேண்டிய உடுப்புகளுக்கும் சாமான்களுக்கும் ஒரு ஜாபிதா எழுதிக்கொண்டு வந்து, பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி நம்மைக் கேட்டார்கள். வாலிபர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளப் பாடுபடுவது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஜாபிதாவைப் படித்தவுடன் நமக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறோம்.

ஜாபிதாவில் இருந்தது இதுதான். கொலைகாரனுக்குக் கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் கருப்புக் கயிறு, கன்னத்தில் தழும்பு, முகத்தில் பூச ஒரு டப்பா கருப்பு மை. பேயாக வரும் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, அவிழ்த்துவிட்ட கூந்தல். கொலை நடந்த வீட்டில் போட்டுவைக்க எலுமிச்சம்பழம், குங்குமம், ஊசி குத்திய பொம்மை, ஒரு மண்டையோடு. துப்பறியும் அதிகாரிக்குச் சிவந்த மேனியுள்ள ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

இது யார் சொல்லி எழுதியது என்று கேட்டோம். “யாரும் சொல்லவில்லைங்க அய்யா, எல்லாப் படத்திலும் இப்படித்தானே வருகிறது” என்றார்கள். எல்லாப் படத்திலும் வருகிறது என்பதற்கும், முன்னோர்கள் செய்தார்கள், ஆகையால் நாங்களும் செய்கிறோம் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

கொலைகாரனாக நடிக்க நியமிக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்திலேயே கருத்த வாலிபர். “இவனுக்கு மை எதற்கு? அந்தக் காசு மிச்சம்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தோம்.

லுங்கி கட்டுகிறவன் யார்? தறியில் நிற்கிறவன், லாரி ஓட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவன், இராத்திரி ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வருகிறவன். அவனைக் கண்டவுடன் ‘இவன்தான் கொலைகாரன்’ என்று ஜனங்கள் நினைக்க வேண்டுமென்றால், அது கதையா, தீர்ப்பா? 2012-ல் பெருந்துறை முதலிய ஊர்களில் ஈமு கோழி வளர்ப்பின் பேரால் எத்தனை குடும்பங்களின் பணம் போயிற்று! அதை வசூலித்தவர்கள் கன்னத்துத் தழும்போடும் கையில் கத்தியோடுமா வந்தார்கள்? ஆபீஸ் போட்டு, பத்திரம் எழுதி, கையெழுத்து வைத்தல்லவா வாங்கினார்கள்!

உடுப்பு அற்ப விஷயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த நாட்டில் ஒருவன் என்ன கட்டலாம் என்பதையே ஜாதிதான் உத்தரவு போட்டு நடத்திற்று. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ள உரிமை கேட்டு வருஷக்கணக்காய் அடிபட்டு, 1859-ல்தான் அதற்கு அரசாங்க அனுமதி பெற்றார்கள். 1930-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க ஜாதியார் போட்ட தடைகள் என்னென்ன? பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி கட்டக்கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பவையாகும். துணியைப் பார்த்தே ஆளை இன்னான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. அந்த ஏற்பாட்டைச் சட்டம் விட்ட பின்பும் சினிமாக்காரன் விடவில்லை. இப்போது மாணவர்களும் தங்கள் சொந்தக் காசைப் போட்டு நடத்த வேண்டுமா என்றுதான் கேட்கிறோம்.

இனி வெள்ளைச் சேலை. நமது கொங்கு நாட்டில் வெள்ளைச் சேலை யாருக்கென்று வைத்திருந்தார்கள்? புருஷனை இழந்த பெண்ணுக்கு. உயிரோடிருக்கும்போது அவளைச் சகுனத்தடை என்று ஒதுக்கிவைத்துவிட்டு, சினிமாவில் அதே சேலையைக் கட்டிப் பேய் என்று பயமுறுத்துவது எவ்வளவு கேவலம்! படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற குழந்தை, திண்ணையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் தன் பாட்டியைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

எலுமிச்சம்பழமும் ஊசிப் பொம்மையும் வெறும் வேடிக்கைதானே என்பார்கள். பீகாரில் 1999-ல், ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லுவதையே குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. அப்படிப் பேர் சூட்டப்பட்ட பெண்கள் அடித்துக் கொல்லப்பட்டதுதான் அதற்குக் காரணம். இந்தப் பயத்தின் பலன் கொலை வரையில் போகிறதென்றால், அதை வளர்க்கும் சாமானைக் காசு கொடுத்து வாங்குவது வேடிக்கையாகுமா?

‘அப்படியானால் மர்மப் படமே எடுக்கக்கூடாதா?’ என்று கேட்கலாம். தாராளமாக எடுக்கலாம். நாம் சொல்லுவதெல்லாம், இந்த ஜாபிதாவைக் கொண்டு எடுத்தால் அது மர்மப் படமே ஆகாது என்பதுதான். லுங்கியும் தழும்புமாக ஒருவன் வந்தவுடனே இவன்தான் என்று கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிந்துவிடுமானால், பிறகு மர்மம் எங்கே?

உங்களைப்போன்ற மாணவர்கள் எடுத்த படத்தையே பாருங்கள். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் கூடி 1986-ல் எடுத்தது ‘ஊமை விழிகள்’. ஆபாவாணன் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். அதில் குற்றவாளி யார்? உல்லாச விடுதிக்குச் சொந்தக்காரனான பணக்காரன். அந்த வேஷத்தை, 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’யில் காதலனாக வந்த ரவிச்சந்திரனிடம் கொடுத்தார்கள். அதற்கும் முன், 1954-ல் எஸ். பாலச்சந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. நாட்டு இரகசியத்தை விற்ற துரோகி, சிவாஜி கணேசன் நடித்த படித்த ரேடியோ இஞ்சினியர்தான். அதே பாலச்சந்தர் 1964-ல் ‘பொம்மை’ எடுத்தார். அங்கும் பொம்மைதான், ஆனால் ஊசி குத்திய பொம்மை அல்ல, உள்ளே வெடிகுண்டு வைத்த பொம்மை. மந்திரம் இல்லாமலே ஜனங்கள் பயந்தார்களா இல்லையா?

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் என்பவர் 1931-ல் எடுத்த ‘எம்’ படத்தில் கொலைகாரன் தொப்பியும் மேல்கோட்டும் போட்ட சாதாரண ஆசாமி. ஒரு சிறுமி கொலையுண்டாள் என்பதைக் காட்ட அவர் ரத்தத்தைக் காட்டவில்லை. அவள் கையிலிருந்த பலூன் கம்பியில் சிக்கித் தவிப்பதைக் காட்டினார். 1978-ல் அமெரிக்காவில் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தில் உலகத்தையே நடுங்கவைத்த முகம், கடையில் மலிவாய் வாங்கி வெள்ளைச் சாயம் பூசிய முகமூடிதான். ஆகவே பயத்துக்குப் பணமும் வேண்டாம், பேயும் வேண்டாம்; யோசனை வேண்டும்.

ஆதலால் மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உடுப்பை ஆளின் தொழிலையும் வருமானத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜாதியையும் நிறத்தையும் பார்த்து அல்ல. புதுத்துணி வாங்காமல், வீட்டில் கட்டிப் பழகிய துணியை எடுங்கள். காலர் அழுக்கே ஆளைப்பற்றிச் சொல்லும். ரத்தம் படவேண்டிய சட்டை மட்டும் ஒரே மாதிரி இரண்டு மூன்று வேண்டும். திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது பனியனுக்குப் பஞ்சமில்லை. காட்சிகளை முன்பின்னாய் எடுப்பீர்களாதலால், அன்றன்றைய உடுப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். காக்கி உடுப்பும் பொம்மைத் துப்பாக்கியும் வேண்டுமானால், போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு, படம் எடுக்கும் இடத்தில் மாத்திரம் வெளியே எடுங்கள். தெருவில் போகிறவனுக்கு அது பொம்மை என்று தெரியாது.

கொலை நடந்த வீட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் ஒரு ரசீதுப் புத்தகத்தைப் போடுங்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்திருக்கட்டும். பழத்தைப் பார்த்தவன் பயந்து கண்ணை மூடுவான். கிழிந்த தாளைப் பார்த்தவன், கிழித்தது யார் என்று கேட்பான். அந்தக் கேள்விதான் உங்கள் படத்துக்கு உயிர்.

கடைசியாக, அந்த மை டப்பாவை வாங்காதீர்கள். சிரித்துக்கொண்டே நின்ற அந்தக் கருத்த வாலிபருக்குத் துப்பறியும் அதிகாரி வேஷத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஊரார் ஏன் என்று கேட்டால், ஏன் கூடாது என்று திருப்பிக் கேளுங்கள்.