தோட்டா பாய்வதில்லை

‘தோட்டா அவன் மார்பைத் துளைத்தது’ என்ற வாக்கியம் இல்லாத துப்பறியும் மொழிபெயர்ப்பு தமிழில் அரிது. தோட்டா எவரையும் துளைப்பதில்லை. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. இந்நான்கும் சேர்ந்ததே தோட்டா. பாய்வது குண்டு மட்டுமே. கூடு துப்பாக்கியிலோ சுட்டவனின் காலடியிலோ தங்கிவிடுகிறது.

இது வெறும் சொற்சிலம்பம் அல்ல. அமெரிக்காவின் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டியாளர்கள் சுட்ட கூட்டையே மீண்டும் எடுத்து, பிரைமரை மாற்றி, மருந்தைக் ‘கிரெய்ன்’ கணக்கில் அளந்து, புதுக் குண்டு பொருத்துகிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். 100 கஜத் தொலைவில் 5 குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே துளையில் விழவேண்டும் என்பதற்கே இத்தனை பாடு. தோட்டாவும் குண்டும் ஒன்றென்றால் இக்கலையைத் தமிழில் எழுதவே இயலாது. கொலை நடந்த இடத்தில் கிடக்கும் வெற்றுக்கூடு சாட்சியாவதும் விளங்காது.

‘வாசகனுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பது சோம்பலின் வாதம். நம் நாட்டுத் துப்பாக்கிக்காரன் மருந்து, ரவை, கேப்பு என்று பிரித்தறிந்தே பேசினான். பள்ளி காணாதவனிடம் இருந்த சொல்லொழுங்கு, பேனா பிடித்தவனிடம் இல்லை என்பதே வெட்கம்.