தொட்டில் இருக்கிறது... ஆள் எங்கே?

"பகல்ல தூங்கவே மாட்டேங்குது சார்!"

கைக்குழந்தை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் புலம்பல்தான். நகரத்து வீடென்றால் உடனே கடைக்கு ஓடுவார்கள். தானாக ஆடும் தொட்டில், மழைச் சத்தம் போடும் பொம்மை, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. குழந்தை தூங்குகிறதோ இல்லையோ, விற்றவர் நன்றாகத் தூங்குவார்!

அதே புலம்பலை ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் வேறு மாதிரி கேட்டேன். வீட்டு வேலைக்குப் போகும் இளம்பெண். குழந்தைக்கு ஐந்து மாதம். "இப்ப பரவால்ல சார். சளி மருந்து அரை பாலாடை ஊத்திட்டா மத்தியானம் வரைக்கும் அசையாது. கிழவிக்குக் கண்ணு தெரியாது. அழுதா தூளியிலேர்ந்து தூக்க முடியாது. நான் வேற என்னா பண்றது?"

பகீரென்றது. அது தூக்கமல்ல, மயக்கம். குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக் கூடியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொன்னது. சொன்னேன். "இனிமே ஊத்தல சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்தத் தாயைத் திட்ட உங்கள் வாய் துடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 15 மணி நேரத் தூக்கம் தேவை. அதில் ஒரு பகுதி பகல் தூக்கம். இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலே களைத்துவிடும். கண்ணைக் கசக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துப் பால் கொடுத்து, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். அதைத் தாண்டவிட்டால் அழுகைதான். இதற்கு மின்சாரத் தொட்டில் வேண்டாம். அந்தக் கொட்டாவியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

"அந்தக் காலத்துல மரத்தில் தூளி கட்டிட்டு நாத்து நடலையா?" என்பீர்கள். நட்டார்கள். தூளி கண்ணில் பட்டது, அழுகை காதில் விழுந்தது. கரையேறிப் பால் கொடுக்க முடிந்தது. இன்று தாய் ஒரு கேட்டுக்கு உள்ளே, குழந்தை ஊருக்குள்ளே.

2017-ல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். யாருக்கு? நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு. வீட்டு வேலைக்காரருக்கு இல்லை. மரக்காணம் உப்பளத்துத் தினக்கூலிக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலியே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. அதிலும் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம். மிச்சத்தை வைத்து ஆறு மாதம் வீட்டிலிருந்து பால் கொடுக்க முடியுமா?

50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். எந்த வீட்டில் 50 வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்? 2022-ல் மத்திய அரசு காப்பகத் திட்டத்துக்கு 'பால்னா' என்று பெயர் வைத்தது. இந்தியில் தொட்டில் என்று அர்த்தம். ஆறு மாதம் ஆன குழந்தைக்கு அங்கே இடம் உண்டு. பெயரில் இருக்கும் தொட்டில் ஊர் ஊருக்கு, அங்கன்வாடிக்கு அங்கன்வாடி வர வேண்டாமா?

முடியாத காரியமா? 1969-ல் டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே, ஒரு கூடாரத்தில், தொழிலாளர் குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார் மீரா மகாதேவன். ஒரு பெண்மணி செய்ததை ஓர் அரசாங்கத்தால் செய்ய முடியாதா?

ஆறு மாதம் வரை தாய்க்குக் கூலியோடு விடுப்பு. அதற்குப் பிறகு நடந்து போகும் தூரத்தில் காப்பகம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் ஆபீஸ் போக, உங்கள் குழந்தையைத் தூங்க வைக்க ஒருவர் வருகிறாரே... அவருடைய குழந்தையை யார் தூங்க வைக்கிறார்கள்? நாளைக் காலையில் அவர் வந்ததும் கேளுங்கள்.