இணைப்பும் இசைவும்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை! மறுப்பார் யாருமில்லை. ஆனால், கூடுவோரின் இசைவோடு கூடினால்தான் அது குடும்பம். இசைவின்றி அடைத்து வைத்தால் அது கூண்டு!

ஐரோப்பாவைப் பாருங்கள். பீரங்கி வாயால் பேசிக்கொண்டிருந்த நாடுகள் கைகோத்து ஒன்றியம் கண்டன. கைகோப்பதற்காகத் தத்தம் அரசியல் சட்டத்தைத் தாமே திருத்திக்கொண்ட நாடுகள் பல. அயர்லாந்து 1972-இல் தன் மக்களின் வாக்கைக் கேட்டுச் சட்டத்தைத் திருத்தியது. பிறகே, 1973-இல் அந்தக் கூட்டமைப்பில் கால் வைத்தது. ஜெர்மனி 1992-இல் தன் 23-ஆம் விதியைப் புதிதாக எழுதியது. ஒன்றியத்துக்கு அதிகாரம் வழங்க வேண்டுமானால், மாநில அரசுகள் இடம்பெற்ற மேலவையும் இசைய வேண்டும் என்றது அவ்விதி.

நம் கதை என்ன? 1947-இல் தனிநாடு என முழங்கிய திருவிதாங்கூர், சூலைத் திங்கள் முடிவதற்குள் இந்தியாவுடன் இணைய இசைந்தது. பாதுகாப்பு, வெளிவிவகாரம், தகவல் தொடர்பு ஆகிய மூன்றே துறைகளுக்கு! 1949 நவம்பரில் ராஜப்பிரமுகர் ஒரு பிரகடனம் செய்தார்; அரசியல் சட்டம் முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சிக்கு உரியதாயிற்று. மக்களிடம் வாக்கெடுப்பு? இல்லை!

அந்தச் சட்டத்தின் மூன்றாம் விதி என்ன சொல்கிறது? நாடாளுமன்றம் எந்த மாநிலத்தின் எல்லையையும் மாற்றலாம், மாநிலத்தையே பிரிக்கலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை!

"அதே விதிதானே உங்களைத் தாய்த் தமிழகத்தில் சேர்த்தது?" என்பார்கள். ஆம், மறைக்கவில்லை! 1954 ஆகஸ்டு 11-இல் இதே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் குருதி சிந்தினர். நேசமணி தலைமையில் எழுந்த கிளர்ச்சி, 1956 நவம்பர் 1-இல் வென்றது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. வந்த மண்ணிலும் வாக்கெடுப்பு இல்லை; வராத மண்ணிலும் இல்லை.

அதே விதி 2019-இல் ஜம்மு காஷ்மீரின்மீது பாய்ந்தது. சட்டமன்றம் கலைந்து கிடந்த வேளை. அதன் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது! மாநிலம் இரண்டு ஒன்றிய ஆட்சிப் பகுதிகளாயிற்று. நமக்கு மாலை தொடுத்த கை, அங்கே வாள் எடுத்தது!

சட்டமன்றத்தின் இசைவு மட்டும் போதுமா? போதாது. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றம் நம்மை விட இசைந்திருக்குமா? எனவேதான் கேட்கிறோம்: எந்த மண்ணின் எல்லை மாறுகிறதோ, அந்த மண்ணில் வாழும் மக்கள் வாக்களிக்கட்டும்! அந்த உரிமையை மூன்றாம் விதியிலேயே எழுதுங்கள்.

அருளால் வந்த எல்லை, அருள் மாறினால் அழியும். மக்கள் வாக்கால் வரைந்த எல்லையே நிலைக்கும்!