லாப்ரடாரை எந்தத் தண்ணீரில் இறக்குவது?

வேலூரில் லாப்ரடார் வளர்ப்பவர்கள், எறிந்ததைக் கவ்விவர அதைப் பழக்க நினைத்தால் மார்கழி, தை விடியற்காலைகளை விட்டுவிடக் கூடாது. மாசி கழிந்தால் வெயில் ஏறிவிடும். உடல் சூட்டைத் தணிக்க நாய்க்கு இரைப்பதுதான் முக்கிய வழி. இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவை வேட்டைக்கு இங்கே இடமில்லை. அதனால் எறிவதற்குத் துணி சுற்றிய டம்மி போதும், நாய் உற்சாகமாக ஓடும். ஆனால் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழிவந்த இனம் இது. நீச்சல் இல்லாமல் அதன் பயிற்சி முழுமையாகாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எந்தத் தண்ணீரில் இறக்குவது? பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த குட்டையில் தயவுசெய்து டம்மியை எறியாதீர்கள். நனைந்த ரோமத்தை நாய் நக்கும். உப்பும் குரோமியமும் வயிற்றுக்குள் போகும். கழிவால் கெட்ட இந்தப் பகுதியைச் சீராக்க உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. ஏரிகளைச் சுத்தம் செய்யச் சொல்லி உழவர்கள் கொடுக்கும் மனுவில் நாய் வளர்ப்பவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஆடுமாடுகள் குடிப்பதும் அதே தண்ணீரைத்தான்.